காய்ந்துபோன மெம்பிரேன்

இரண்டாயிரங்களின் தொடக்கம். தீபாவளி விடுமுறை முடிந்து, திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆலை திறந்த முதல் நாள். குடிநீர் பிளான்டில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று காலையிலேயே போன். நான், அங்கே தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேனைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர்.

பம்ப் ஓடியது, பிரஷர் ஏறியது, தண்ணீர் மட்டும் வரவில்லை. அடைப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு பிரஷரை இன்னும் ஏற்றினேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன சார், மெஷினு உங்க பேச்சக் கேக்க மாட்டேங்குது? சாப்பாட்டு நேரத்துக்குள்ள தண்ணி வரலன்னா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவேன்."

உறையைத் திறந்து கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தேன். உள்ளே சேமியாக் கட்டு மாதிரி பிளாஸ்டிக் இழைகள்; அவைதான் மெம்பிரேன். குடத்தோடு நின்ற பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார். பட்டாசு வேலைக்கு வருமுன் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருந்தவர். இழைகள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். அது பரவாமல் உருண்டு நின்றது.

"தண்ணி ஒட்டவே இல்லியே சார். காய விட்டுட்டீகளா?"

விடுமுறை முழுக்கக் காயத்தான் விட்டிருந்தோம். அந்த இழைகளின் மேற்பரப்பை ரசாயன முறையில் தண்ணீரை ஏற்கும்படி மாற்றியிருப்பார்கள். நனைந்தால் அந்த மேல்படலம் உப்பி நிற்கும். காய்ந்தால் சுருங்கி, துளைகளில் காற்று உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விடாது. இதைப் பற்றி வகுப்பெல்லாம் எடுத்தவன் நான்.

"பிரஸ்ல பிளேட்டு மேல தண்ணி சரியாப் பரவலன்னா ஐபிஏன்னு ஒரு ஸ்பிரிட்டக் கலப்போம், ஒடனே பரவிரும். ஆனா அத இங்கன கொண்டாந்துராதீக. சட்டுனு தீப்பிடிக்கும்."

அந்த ஆல்கஹாலின் பெயரைக் கேட்டதுமே மேனேஜர் கேட்டைக் காட்டினார். கார்ட்ரிட்ஜைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, அவர் பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து பக்கத்துப் பிரஸ்ஸுக்குப் போனேன்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. ஐபிஏயில் இழை அளவுக்கு மீறி உப்பினால் இழைகளை நுனியில் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். பையிலிருந்த சாம்பிள் இழை ஒன்றை, தண்ணீர் கலந்த ஐபிஏயில் ஊறப்போட்டு ஸ்கேலில் அளந்தேன். மயிரிழை நீண்டிருந்தது, அவ்வளவுதான். பிறகே கார்ட்ரிட்ஜை ஊறவைத்தேன். வாசனை போகும்வரை அலசி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினேன்.

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன் தண்ணீர் வந்தது. முதலில் வந்ததை வெகுநேரம் வெளியே விட்டேன். பேச்சியம்மாள் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க குடிங்க சார்."

எல்லோரும் பார்க்கக் குடித்தேன். அதன் பிறகுதான் குடங்கள் நகர்ந்தன.

காரணம் கண்டறிந்தவர் பேச்சியம்மாள் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். "யாருப்பா அந்த மேடம், எந்தக் காலேஜ்?" என்று எங்கள் மேலதிகாரி கேட்டார்.

விடுமுறைக்கு ஆலையை மூடுவதற்கு முன் மெம்பிரேனை ஈரத்திலேயே வைக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அதன்பின் எந்த பிளான்டை ஒப்படைத்தாலும், ஓட்டுவது எப்படி என்பதற்கு முன் நிறுத்துவது எப்படி என்பதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.