பெரிய டயரும் பிரேக் குழாயும்

1968 ஜூன் 12, புதன்கிழமை. காலையில் எழுந்து குளித்து, திருநீறு பூசி, தெருமுனைக் கடையில் இட்லி தின்றேன். பிறகு லாரி நிற்கும் காலி மனைக்குப் போனேன். ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். கடைசியாக சீட்டைத் துடைத்தேன். தினமும் இதே வரிசைதான். என் தங்கையின் கணவரான மாப்பிள்ளைக்கு இது பிடிக்காது. பொங்கலன்று உறவுக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது, "மச்சானுக்கு லாரி எதுக்கு? பூஜை ரூம்ல வைக்க ஒரு பொம்மை வண்டி போதும்" என்றார். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

லாரி இருவருக்கும் பொது. ராணுவம் கழித்ததை ஏலத்தில் எடுத்தோம். நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதால் ஓரிக்கையில் பாலாற்றுக்குள்ளேயே இறக்கி மணல் ஏற்றுவோம். ஆனாலும் லோடோடு கரையேறும்போது புதைந்துவிடும். மாட்டுவண்டிக்காரர்கள் மாடு பூட்டி இழுத்துவிட்டு, "நாலு சக்கரமும் இழுக்குமாமே! எங்க மாட்டுக்கும் நாலு காலுதான்பா" என்று சிரிப்பார்கள். அது பொறுக்காமல் மாப்பிள்ளை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அகலமும் உயரமும் கூடின நான்கு டயர்களை வாங்கி வந்துவிட்டார்.

அன்று மெக்கானிக் பாய் மனைக்கே வந்து அவற்றை மாட்டினார். அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, நீளமான போல்ட் போட்டு, வண்டியை இரண்டு விரற்கடை தூக்கினார். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் மாப்பிள்ளையின் முஷ்டி தாராளமாகப் போய்வந்தது. அவர் அதைப் பாயிடம் காட்டினார். எனக்குக் காட்டவில்லை.

"பாய்," என்றேன். "காலி வண்டியில முஷ்டி போவும். மணல் ஏத்தினா பட்டை அமுங்கும். லோடோட ஒரு சக்கரத்தைக் கல்லு மேல ஏத்தி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சிப் பாக்கணும்னு அவருகிட்ட சொல்லுங்க."

மாப்பிள்ளை எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். "பாய், நாளைக்கு வாலாஜாபாத் மில்லுல மணல் கொட்டணும். அங்க இருக்கிற எங்கம்மாவைப் பாக்க வீட்டுக்காரியும் கூட வர்றா. கல்லு மேல ஏத்திக் கழைக்கூத்து காட்ட நேரமில்லன்னு சொல்லு."

"யா அல்லா," என்றார் பாய். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்குது, காது இருக்குது. நடுவுல எனக்குத்தான்பா தொண்டை வறளுது."

மதியம் மாப்பிள்ளை ஓரிக்கைக்கு ஓட்டிப் போனார். மணல் ஏற்றி, மாடில்லாமல் கரையேறிவிட்டார். பொழுது சாயுமுன் தெருமுனைக்கு வந்து ஹாரனை விடாமல் அடித்தார். தங்கை ஆரத்தித் தட்டோடு ஓடினாள். முன் டயர்களின் குறுக்கே, உள் விளிம்புவரை சந்தனத்தைக் குழைத்துக் குங்குமம் அப்பினாள். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி தெருவுக்குள் திரும்பியது. எங்கள் தெருமுனை குறுகல். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்தான் லாரி ஒரே வீச்சில் திரும்பும். அப்படித் திரும்பும்போது இடது சக்கரம் முனை வீட்டுக் கல் மேல் ஏறி இறங்கியது. நான் கேட்ட சோதனையை அவரே செய்து முடித்திருந்தார்.

வண்டி மனைக்கு வந்து நின்றதும் நான் இடது சக்கரத்தின் உட்புறம் குனிந்து பார்த்தேன். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் மேல் சிவப்பாக ஒரு தீற்று இருந்தது. தங்கை டயரில் வைத்த குங்குமம் அது.

வண்டி திரும்பும்வரை காத்திருந்த பாயும் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். "டயர் குழாயில படுது. ரோடு வளைவுல நாலு தடவை தேய்ஞ்சா அறுந்துடும். அறுந்தா எண்ணெய் பூரா ஒழுகிடும். நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது."

மாப்பிள்ளை குனிந்தார். கட்டைவிரலால் அந்தக் குங்குமத்தை வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். "போச்சா பாய்? இப்ப எங்க உரசுதுன்னு காட்டச் சொல்லு."

சக்கரம் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் போல்ட் ஒன்று அச்சில் உண்டு. அதில் இரண்டு வாஷர் போட்டால் போதும், டயர் குழாயை எட்டாது என்றார் பாய். ஆனால் பிறகு தெருமுனையில் லாரி ஒரே வீச்சில் திரும்பாது.

"காலையில நெசவுக்காரனுங்க தெருவுல பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பானுங்க," என்றார் மாப்பிள்ளை. "அத்தனை பேரு எதிர்ல நான் முன்னாடியும் பின்னாடியும் ஆடிக்கினு நிக்கணும். அதைப் பாக்கத்தான் அவருக்கு ஆசை. வாஷரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இரண்டு முதலாளிகளும் சரி என்று சொல்லாமல் கைவைக்க மாட்டேன் என்று பாய் ஸ்பானரைக் கீழே போட்டார். தங்கை தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள்.

நான் நேராக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். "என் தங்கச்சி இந்த வண்டியில ஏறமாட்டா."

"ஏறு, ஏறாதேன்னு சொல்றதுக்கு நான் இருக்கேன். பொங்கல்லேருந்து வாயை மூடிக்கினு சேத்து வச்சது இந்தப் பேச்சுதானா?"

"இதுதான். அடுத்தது வேணும்னா இந்த நாலு டயரையும் நானே கத்தியால குத்துவேன். பாதி வண்டி என்னுது."

அவர் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் நானும் ஓங்கியிருப்பேன். பாய் பக்கம் திரும்பினார். "சரி, வாஷரைப் போடு பாய். ஆனா தெனம் காலையில முனை தாண்டுற வரைக்கும் வண்டியை அவரே எடுக்கணும். பாவுக்காரங்க சிரிக்கிறதையும் அவரே வாங்கிக்கணும். சம்மதமான்னு கேளு."

"சம்மதம்னு சொல்லுங்க பாய்," என்றேன்.

வெளிச்சம் போவதற்குள் பாய் இரண்டு பக்கமும் வாஷர் போட்டு முறுக்கினார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, குழாய்க்கும் டயருக்கும் நடுவில் என் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் அவரை அனுப்பினேன்.

மறுநாள் காலை, குளிப்பதற்கும் முன்பாக, லாரியை எடுத்தேன். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். முனைக்குப் போய் ஒடித்தேன், வரவில்லை. பின்னால் வந்தேன். நெசவாளர்கள் பாவின் ஒரு முனையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மறுபடி முன்னால், மறுபடி பின்னால்.

"இன்னா அண்ணாத்தே," என்று ஒருவர் கத்தினார், "லாரியை வச்சிக்கினு எங்கள மாதிரி முன்னாடியும் பின்னாடியும் பாவு ஓடுறியா?"

தெருவே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் முனையில் தங்கையோடு நின்றிருந்த மாப்பிள்ளைதான். நான் பெரிய ரோட்டில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் இடப்பக்கம் இறங்கித் தங்கைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை வலப்பக்கம், ஸ்டியரிங் முன்னால் ஏறினார்.