சுவரின் உச்சியில் ஒரு குண்டு

ஓட்டை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் கொத்தனாரம்மாவுக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டிலும் கண் முதலில் சுவரைத்தான் மேயும். புருஷன் சாந்து குழைப்பார், இவள் பூசுவாள். "இவகிட்ட வாயைத் திறக்கவே பயமா இருக்கு, அதையும் அடைச்சிருவா" என்பது அவருடைய அன்றாடக் கிண்டல்.

அப்படிப்பட்டவளை அந்த நினைவிடத்தில் வேலைக்கு விட்டால் என்ன ஆகும்! ஒரு காலத்தில் அது பட்டாளத்துக் குடியிருப்பு. சிப்பாய்கள் கலகம் செய்து ஒரே நாளில் தோற்றபின், பிடிபட்டவர்களைப் பின்சுவரில் நிறுத்திச் சுட்ட இடம். கீழே இருக்கும் குண்டு ஓட்டைகளைத் தொடாமல், விரிசலை மட்டும் அடைக்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. சாரத்தில் ஏறியவள் சுவரின் உச்சியில் தன்னந்தனியாக ஓர் ஓட்டையைக் கண்டாள். எவனோ ஆணி அடித்துப் பிடுங்கியிருக்கிறான் என்று நினைத்து, சாந்தை அப்பி வழித்து, இருந்த இடம் தெரியாமல் செய்துவிட்டாள்.

அந்தப் பக்கம் வந்த காவலாளி சாரத்தடிக்கு ஓடி வந்தார்.

"அடப் பாவமே! அதைப் போய் அடைச்சிட்டியேம்மா! அது குண்டு பட்ட ஓட்டை!"

"குண்டா? மத்ததெல்லாம் நெஞ்சு உயரத்துல இருக்கு. அவ்வளவு மேல யாருங்க நின்னா?"

"யாரும் நிக்கல. சுட வந்தவங்கள்ல ஒருத்தருக்கு மனசு வரல. துப்பாக்கிய மேல தூக்கிச் சுட்டுட்டாரு."

வெயிலோ கொளுத்துகிறது. சாந்து இறுகிவிட்டால் அந்த மனுஷன் உலகத்தில் விட்டுப்போன ஒரே அடையாளம் போச்சு. பூசுகிற கரணையால் குத்தினால் விளிம்பு உடையும். விரலாலேயே தோண்டினாள். நகம் பெயர்ந்தது. புருஷன் வாயே திறக்காமல் துணியை நனைத்து நனைத்து மேலே நீட்டினார். ஒருவழியாகக் கடைசிச் சாந்தும் வந்தது.

விரல் முழுசாக உள்ளே போனது. அதிகாரி முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது குழலை மேலே தூக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அவளுக்கு விரலை எடுக்கவே மனமில்லை.

"அப்புறம் அவரு என்ன ஆனாருங்க?"

காவலாளி சுவரின் இடது ஓரத்துக்குப் போனார். அங்கே, மற்றவற்றிலிருந்து விலகி, நெஞ்சு உயரத்தில் கொத்தாகச் சில ஓட்டைகள்.

"மறுநாள் அவரையும் இங்க நிறுத்திட்டாங்கம்மா."

அவள் அந்த ஓட்டைகளிலிருந்து சுவரின் உச்சிவரை கண்ணால் துழாவினாள். பூச்சு வழுவழுவென்றிருந்தது.

"ஐயோ, அவருக்காக மேல ஒண்ணுகூட இல்லையேங்க!" என்றாள்.