மஞ்சள் விளக்கை அணைத்த கை

நத்தம் சாலை வளைவில் என் மகள் ஓட்டிப்போன கார் நின்றது. பின்னால் வந்த பஸ் மோதியது. எலும்பு முறிந்து, அவள் இடது கையில் இப்போது தகடு இருக்கிறது.

"தானா ஆஃப் ஆயிருச்சும்மா," என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னாள். நான் நம்பவில்லை. போனைப் பார்த்திருப்பாய் என்று மூன்று வாரம் குத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளே, "இன்ஜின் கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கும், பாத்துக்கங்க," என்றாள். அவள் வாயை அடைப்பதற்காகவே அவளையும் கூட்டிக்கொண்டு கார் கிடந்த பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் பாய் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். ஸ்கேனரில் விளக்கே எரியவில்லை. சிகரெட் லைட்டருக்கும் அதற்கும் ஒரே ஃபியூஸாம், அது கருகியிருந்தது. மாற்றியதும் விளக்கு எரிந்தது. ஆனால் இன்ஜின் கம்ப்யூட்டரோடு தொடர்பு கிடைக்கவில்லை.

"உசுரு இருக்கு டீச்சர், வாயத்தான் தொறக்க மாட்டேங்குது," என்று சிரித்தார். மூன்று வாரம் சும்மா கிடந்ததில் பேட்டரி இறங்கியிருந்தது. வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். திரை நிரம்பியது. பழுதுகள்: பூஜ்யம்.

"பாத்தியா?" என்றேன் மகளிடம். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"செத்த பொறுங்க. இது சுத்தமா இருக்கிற வண்டி இல்ல, தொடச்ச வண்டி," என்றார் பாய். "அழிச்சு முப்பத்தோரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு காட்டுது. ஒருக்க நின்னா பதியாது, திரும்பத் திரும்ப நின்னாத்தான் பதியும். பழைய பதிவ அழிக்காம இருந்தா, விபத்துக்கு முன்னாடியே என்ன கோளாறுன்னு தெரிஞ்சிருக்கும்."

இன்ஜினை ஓடவிட்டார். சூடேறும்வரை மூவரும் காத்திருந்தோம். திடீரென அது தானாகவே அணைந்தது.

"சூடானா நிக்குது, சென்சார்தான் கோளாறு. பேட்டரி வயரக் கழட்டி பதிவ அழிச்சது யாரு?"

எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்ஜின் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தால், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் வயரைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால் விளக்கு அணைந்துவிடும். செலவில்லை. அந்த மாதம் மட்டும் நான் மூன்று முறை கழற்றினேன். மூன்றாவது முறை, அவள் நத்தம் கிளம்பிய காலையில். டீ டம்ளரை என் கையில் கொடுத்தவளே அவள்தான். "அந்த லைட்டு என்னம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, போ," என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். நான் கருகிய ஃபியூஸைப் பார்த்தேன்.

"தெரியல பாய்," என்றாள் மகள்.

திரும்பும்போது ஆட்டோவில் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா," என்றாள், தெருவைப் பார்த்தபடி. சென்சார் மாற்றி வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் சாவியைத் தொடுவதில்லை. ஒவ்வொரு காலையும் நான் பாடம் எடுக்கும் அகரம் பள்ளிக்கு நான்தான் ஓட்டிப் போகிறேன், சாலையை விட அந்த விளக்கு இருக்கும் இடத்தையே அதிகம் பார்த்துக்கொண்டு.