நெலிதா அக்காவின் பாசித் தொட்டி

பெரு நாட்டில் நானாய் என்ற ஆற்றின் கரையில் எங்கள் ஊரில் நெலிதா அக்காவைப் போல் பாத்திரம் தேய்ப்பவர் கிடையாது. சமையல் சட்டி மட்டுமல்ல, மீன் விடும் பிளாஸ்டிக் தொட்டிகளையும் மணல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். அவர் பிடிப்பது குட்டிக் கராச்சமா மீன். விரல் நீளம்கூட வராது. ஓடையில் புல்தண்டில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும். தூர தேசத்தில் கண்ணாடித் தொட்டிப் பாசியைத் தின்று தீர்க்க இதை வளர்க்கிறார்கள்.

வெள்ளிதோறும் இக்கிதோஸ் நகரிலிருந்து மீன் வியாபாரி ரொசேந்தோவின் படகு வரும். அதுவரை இரண்டு மூன்று நாள் மீன் தொட்டியில் கிடக்கும். தண்ணீர் கெடக்கூடாதென்று எந்த மீனுக்கும் தீனி போடமாட்டோம். மற்ற மீன்கள் தாங்கின. அக்காவின் கராச்சமாவில் பாதி செத்து மிதந்தது.

“நெலிதா, அடுத்த வாரமும் இப்படின்னா உன் துறையில நிறுத்தாமப் போயிடுவேன்,” என்றார் ரொசேந்தோ.

அந்த வருமானம்தான் அக்காவுக்கு எல்லாம். என்னிடம் வந்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, அதுவும் மீன்வளப் பொறியியலில். “காத்து போதலக்கா. தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துங்க,” என்று அடித்துச் சொன்னேன்.

ஞாயிறு பிடித்த மீனுக்கு இரண்டு நாள் மொண்டு ஊற்றினார். செவ்வாய் காலை மறுபடி மிதந்தது.

“இன்ஜினியர் தம்பி, கை வலிச்சதுதான் மிச்சம். பக்கத்துத் துறைச் சோம்பேறி கில்மர் தொட்டியில மட்டும் இதே மீன் ஏன்டா சாகல?”

இருவரும் கில்மரின் துறைக்குப் போனோம். அவன் தொட்டி உள்ளெல்லாம் பச்சை வழவழப்பு. அக்கா முகம் சுளித்தபடி ஒரு மீனைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் தூக்கிப் பிடித்தார். வயிறு உருண்டையாக இருந்தது.

“என் மீனுக்கு வயிறு உள்ள ஒட்டியிருக்குடா. அதுங்க சாப்பாட்டையில்ல நான் தேச்சுத் தேச்சுக் கொட்டியிருக்கேன்!”

அப்புறம் கில்மரிடம், “உன் காலித் தொட்டி ஒண்ணைக் குடு. என்னோடத வச்சுக்க. கழுவாத, தானாப் பாசி பிடிக்கும்.”

“கழுவாதன்னு எனக்கே சொல்றியா? என் பொண்டாட்டி மூணு வருஷமா உன் தொட்டியக் காட்டித்தான் கழுவச் சொல்லித் திட்டுறா!”

புதன்கிழமை அக்கா புதிதாக மீன் பிடித்து அந்த அழுக்குத் தொட்டியில் விட்டார். வெள்ளியன்று ரொசேந்தோ எட்டிப் பார்த்தார்.

“என்ன நெலிதா, உன் தொட்டியா இது?”

“தொட்டிய ஏன் பாக்குறீங்க? மீனப் பாருங்கண்ணே.”

ஒன்றுகூட மிதக்கவில்லை. அத்தனையையும் ஏற்றிக்கொண்டு, “அடுத்த வெள்ளி வரேன்,” என்று படகைத் தள்ளினார்.

இப்போது அக்காவிடம் பாசித் தொட்டி நான்கு. மீன் இருக்கிறதோ இல்லையோ, கில்மரின் மனைவி வருகிற நாளில் மட்டும் நான்கின் மேலும் துணி போர்த்தியிருக்கும்.