இருபதுக்குப் பதினொன்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள் நானும் கோவிந்தனும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூரிலிருந்து பெண்ணையாற்றைக் கடந்து, பிரிட்டிஷ் பகுதியான கடலூருக்கு நடந்தோம். அங்கே ஒரு கல்லூரியின் இண்டர்மீடியட் வகுப்பில் ஓரிடம் மட்டுமே மிச்சம் என்று கேள்வி. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மதிப்பெண் எப்போதும் இருபதுக்குத்தான். அவனுடைய சராசரி பதினொன்று, என்னுடையது பத்து. இரண்டும் நடுத்தரம்.

கோவிந்தன் முதலில் சான்றிதழை நீட்டினான். குமாஸ்தா சிரித்தார்.

"இன்னாபா, நூத்துக்குப் பதினொண்ணு வாங்கிட்டு காலேஜ் கேக்குதா உனுக்கு? போய் ஏர் ஓட்டு."

அவன் மிரண்டு வெளியே போய்விட்டான். பின்னால் நின்ற நான் வாய் திறக்கவில்லை. என் முறை வந்ததும், சான்றிதழில் பிரெஞ்சில் இருந்த வரியைக் காட்டி, இருபதுக்கு என்று விளக்கினேன். அவர் விண்ணப்பத்தாளைக் கொடுத்தார்.

வாசலில் கோவிந்தன் காத்திருந்தான்.

"உன்னையும் தொரத்திட்டாரா? தனியா நடந்தா மனசு ஒடிஞ்சிடுவேன்னு நின்னேன்டா. வா, வூட்டுக்குப் போலாம்."

என் கையிலிருந்த தாளை அவன் கவனிக்கவில்லை. அவனை உள்ளே அழைத்துப் போனேன்.

"இவனுதும் இருவதுக்குத்தாங்க."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றார் குமாஸ்தா என்னைப் பார்த்து.

கோவிந்தன் முந்திக்கொண்டான். "பயந்துட்டான் சார்."

இடம் அவனுக்குக் கிடைத்தது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, பாகூரிலேயே வாத்தியாரானேன். அதில் குறையில்லை. ஆனால் அன்று அவன் சொன்ன காரணத்தை இன்றுவரை நான் திருத்தவில்லை. எனக்குப் பயமே இல்லை. பதினொன்றைவிடப் பத்து குறைவு என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.