ஐந்தாவது சந்திப்பு

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து போன மறுவருடம், வாவிக்கரையில் பிள்ளைகளின் மனநலத்துக்காக இயங்கிய எங்கள் நிலையத்துக்குப் புதிய சிகிச்சை முறையொன்று வந்தது. பல நாடுகளில் ஆராய்ந்து, பலன் உண்டென்று கண்ட முறை. மொத்தம் ஒன்பது சந்திப்புகள். ஐந்தாவதில், பிள்ளை கடல் வந்த அந்த நாளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் வாயால் சொல்லவேண்டும். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மாதங்கள் போயின. பிள்ளைகள் தேறவில்லை. சந்திப்புப் படிவங்களிலோ எல்லாம் முறைப்படி நடந்ததென்று அடையாளமிட்டிருந்தோம். கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மா எங்கள் ஐந்தாவது சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டார். ஒவ்வொன்றிலும், அழுகை தொடங்கும் இடத்தில், நாங்கள் தேநீர் கலக்கும் கோப்பையில் கரண்டி உரசும் சத்தம்.

“இது கிளினிக்கா, தேத்தண்ணிக் கடையா?”

“அழுற புள்ளைக்கித் தேத்தண்ணி குடுக்காட்டி நாம மனிசரோகா?” என்று என் காதுக்குள் முணுமுணுத்தாள் பக்கத்திலிருந்த சக ஊழியை. எனக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

“குடிச்சா அழுகை நிண்டிரும். கதையும் அதிலேயே நிண்டிரும். அந்தப் பிள்ளை இன்னும் தண்ணிக்குள்ளதான் நிக்குது.”

அன்றிரவு முழுக்க அந்த வசனம் என்னைப் புரட்டியது.

மறுநாள் எனக்குப் பெரியகல்லாறு ஊர்ச் சிறுமி ஒருத்தியின் ஐந்தாவது சந்திப்பு. பத்து வயது. தங்கச்சியை அலை கொண்டுபோனதிலிருந்து எவர் கையையும் தொடமாட்டாள், பள்ளிக்கூடமும் போகமாட்டாள். இன்றும் பலனில்லையென்றால் இனிக் கூட்டிவரமாட்டேன் என்று தாய் சொல்லிவிட்டு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

சிறுமி சொன்னாள். இரைச்சல், ஓட்டம், பனைகளுக்கு மேலால் வந்த கறுப்பு. அங்கே குரல் உடைந்தது. என் கை தானாகத் தேநீர்க் கோப்பைப் பக்கம் எழுந்தது. மடியில் வைத்து அமுக்கினேன்.

“பிறகு?”



“நான்தான் தங்கச்சிட கைய விட்டனான்.”

அலறினாள். வெளியே தாய் கதவில் அடித்தாள்.

“என்ட புள்ளய என்ன செய்யிறீங்க? கதவத் திறங்க!”

தாழ்ப்பாள் துள்ளியது. திறந்தால் கதை இன்றும் பாதியில் நிற்கும். திறக்காமலிருந்து, பிள்ளை என் கண்முன்னே நொறுங்கிப்போனால்? அந்த முறையின் வழிகாட்டிப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. எழுந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். இரும்பு குளிர்ந்தது, வெளியே தாயின் அழுகை, உள்ளே மகளின் அழுகை, நடுவில் நான்.

“அம்மா, பொறுங்க,” என்றது எனக்குப் பின்னாலிருந்து மூக்கடைத்த குரல். “நான் இன்னும் சொல்லி முடியல்ல.”

கதவில் விழுந்த அடி நின்றது. நான் கையை எடுத்துக்கொண்டு, திரும்பிவந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.