ஜெய்ஹிந்த் கவரில் குங்குமம்

நியூ ஜெர்சியில் ஒரு தபால்தலை ஏலக் கம்பெனியில் எனக்கு வேலை. வரும் ஸ்டாம்ப்பில் இருக்கும் கிழிசல், கறை எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஏலக் கேட்டலாக்கில் எழுத வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு அக்டோபர் காலை, ஈஸ்ட் பிரன்ஸ்விக் ராஜாமணி அங்கிள் ஆல்பமும் கையுமாக வந்து நின்றார். மருந்துக் கம்பெனி கெமிஸ்ட்.

"பாருப்பா, இவ பண்ணின காரியத்த!"

பின்னால் அவர் மனைவி கமலா ஆன்ட்டி, அழுத கண்களோடு.

சுதந்திர இந்தியா டொமினியனாக இருந்தபோது வெளியிட்ட முதல் தபால்தலை, கொடி போட்ட மூன்றரை அணா ஜெய்ஹிந்த். வெளியான அன்றே அங்கிளின் அப்பா அதைக் கவரில் ஒட்டித் தனக்கே போஸ்ட் செய்திருந்தார். அந்த வாரச் சனிக்கிழமை நடக்கவிருந்த ஸ்டாம்ப் கண்காட்சிப் போட்டிக்கு அந்தக் கவர்தான் ஆல்பத்தின் முதல் பக்கம். ஆன்ட்டியோ ஆல்பத்தைப் புத்தகங்களோடு சரஸ்வதி பூஜையில் அடுக்கி, கவர் மேலேயே சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்.

"போட்டிக்குப் போறதாச்சே, நல்லபடியா நடக்கட்டும்னுதான் முதல் பக்கத்துல வெச்சேன்" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். "கறை எடுக்கற சால்வென்ட். தொடச்சுடலாம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "மூடுங்க அங்கிள்! குங்குமத்தோட போஸ்ட்மார்க்கும் போயிடும். ஜட்ஜ் கண்டுபிடிச்சா, மானமே போயிடும்."

"அப்ப போட்டியே வேண்டாம்."

ஆன்ட்டி என்னிடம் திரும்பினார். "பூஜைலேர்ந்து என்கூட பேசறதில்லப்பா. நான் வெச்சா சாப்பிடறதும் இல்ல. போட்டியும் நின்னுபோச்சுன்னா அவ்ளோதான்."

எனக்குப் பாவமாகிவிட்டது. "அப்படியே வைங்க அங்கிள். மார்க் குறையும், மெடல் வராது. ஆனா பொய் இருக்காது" என்றேன். அவர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். கவருக்குக் கீழே நானே டைப் செய்து ஒட்டினேன்: 'சந்தனம், குங்குமம். சரஸ்வதி பூஜை, நியூ ஜெர்சி.'

சனிக்கிழமை, வெள்ளைக்கார ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து படித்தார். இதை வைத்தது யார் என்று கேட்டார். ஆன்ட்டி மெல்ல நகரப் பார்த்தார். அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "கமலா, எங்க போற? இவருக்கு ஏன் வெப்போம்னு நீயே சொல்லு" என்றார்.

ஆன்ட்டி திக்கித் திணறி இங்கிலீஷில் சொன்னார். ஜட்ஜ் சிரித்தார், மார்க்கையும் குறைத்தார். மெடல் வரவில்லை.

வெளியே வரும்போது அங்கிள், "பசிக்கறது. வீட்ல என்ன இருக்கு?" என்று மனைவியைக் கேட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: கறையோடு ஒருவர் வந்தால் ஸ்டாம்ப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் கூட வந்தவர் முகத்தைப் பாருங்கள்.